உட்கார வைத்தே அளந்த பிபி

காலை மணி பத்து நாற்பத்திரண்டு.

நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. செல்போனில் பதிவாகியிருக்கிறது. அழைத்தவர்: மாமா. பேசிய நேரம்: ஒன்பது நொடி.

போன்தான் மாமாவுடையது. பேசியது என் மகள் கயல். எட்டாம் வகுப்பு.

"அம்மா… தாத்தா விழுந்துட்டாரும்மா. ரத்தம் வருது. நான்…"

அவ்வளவுதான். கட்.

திரும்ப அடித்தேன். ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடி அடித்தேன். அதே பெண் குரல், அதே நிதானம். உலகத்தில் அந்தக் குரலுக்கு மட்டும் பதற்றமே வராது போலிருக்கிறது.

ஒன்பது நொடியில் என்னவெல்லாம் நினைக்க முடியும்? தாத்தாவும் பேத்தியும் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் இருக்கிறார்கள். பஸ் எங்கேயாவது மோதிவிட்டதா? பிள்ளைக்கும் அடிபட்டிருக்கிறதா? 'நான்' என்றாளே… நான் என்ன?

இது நடந்தது போன சனிக்கிழமை. இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை. இப்போதும் போன் அடித்தால் முதல் ரிங்கிலேயே பாய்ந்து எடுக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — எல்லோரும் நலம். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு மாமாவைத் தெரியும். புதியவர்களுக்காக: மாமா என்றால் என் கணவரின் அப்பா. எழுபத்தாறு வயது. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் லைன்மேன். காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே போகிற லைனில் அவர் ஏறாத கம்பம் இல்லை. இப்போது கடலூர் செம்மண்டலத்தில் எங்களோடு இருக்கிறார். என் கணவருக்கு ஓசூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். ஆக வீட்டில் நான், கயல், மாமா.

மாமா கைத்தடி பிடிக்க மாட்டார். வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்துக் கொடியில் துணி எடுக்கிறார்.

"முப்பதடி கம்பத்துல ஒத்தக் கால்ல நின்னு வேல பாத்தவன்மா நானு. தரைல நிக்கறதுக்குக் குச்சியா?"

சரி, பேலன்ஸ் இருக்கிற மனுஷன் என்று நானும் விட்டுவிட்டேன். நான் காவல் காத்தது வேறொன்றை. பிபி.

சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒரு நோட்டைப் பற்றிப் பீற்றிக்கொண்டேனே, ஞாபகமிருக்கிறதா? மாமாவின் பிபி நோட்டு. தினமும் காலை ஏழு மணி. நாற்காலியில் உட்கார வைத்து, முதுகைச் சாய்க்கச் சொல்லி, இரண்டு காலையும் தரையில் பதிக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி, பிறகு மெஷின். மேல் எண் நீல மையில். கீழ் எண் சிவப்பு மையில். ஒருநாள் விட்டதில்லை. "எங்க வீட்டிலும் ஆரம்பித்துவிட்டோம் மேடம்" என்று எழுதிய வாசகிகள் உண்டு.

அந்த வாசகிகளிடம் ஒரு திருத்தம் சொல்லத்தான் இந்த வாரம்.

சிதம்பரத்தில் என் நாத்தனார் — செல்வி அண்ணி — இருக்கிறார். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. கல்லூரி நூலகத்தில் நான் ஒருத்திதான், விட முடியாது. கயலுக்கு லீவு. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் சாயங்காலம் வந்துடறேன்" என்றேன்.

கயலைத் தனியே கூப்பிட்டு, "தாத்தாவ பத்திரமா பாத்துக்க" என்றேன். மாமாவைத் தனியே கூப்பிட்டு, "பாப்பாவ பத்திரமா பாத்துக்குங்க மாமா" என்றேன். ஒருவருக்கு ஒருவர் காவல். நம் வீடுகளில் இது ஒரு பழைய ஏற்பாடு. ஒரு வயதானவரையும் ஒரு பிள்ளையையும் சேர்த்து அனுப்பிவிட்டால் இரண்டு பேரும் பத்திரம் என்று நமக்கு ஒரு கணக்கு. யாராவது ஒருவர் விழுந்தால்தான் அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பது யார் என்று தெரிகிறது.

இன்னொன்றும் சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"மாமா, பஸ்ல போறீங்க. தண்ணி ஜாஸ்தி குடிக்காதீங்க."

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். நடுவில் எங்கே இறங்குவது? மாமாவுக்கு ப்ராஸ்டேட் தொல்லை வேறு. வெளியூர் கிளம்பும் எந்த வீட்டிலும் காலையில் கேட்கிற வசனம்தானே இது? பெண்களுக்கு யாரும் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகிய விஷயம்.

"அதெல்லாம் நேத்து சாயங்காலமே நிறுத்திட்டேன்" என்றார் மாமா, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவர் மாதிரி. பிபி மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை — மூன்றையும் உள்ளங்கையில் போட்டு, தொண்டை நனைகிற அளவு தண்ணீரோடு விழுங்கினார். இரண்டு இட்லி. கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது இருபது பஸ். ஏழு மணிக்கு எடுத்த பிபி நோட்டில் இருக்கிறது. பிரமாதமான எண்.

பத்து நாற்பத்திரண்டு.

நூலகத்தைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக, பக்கத்து அலுவலகத் தோழி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். ஓசூருக்கு அடித்தேன். கணவர் கேட்ட முதல் கேள்வி, "காலைல பிபி எவ்ளோ இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அப்பறம் எப்டி விழுவாரு?"

பாருங்கள், எங்கள் வீட்டு மருத்துவ அறிவு மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

செல்வி அண்ணிக்கு அடித்தேன். எந்த இடம் என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். "நான் செருப்பு மாட்டிட்டேன், எடம் தெரிஞ்சா சொல்லு" என்றார். அழவில்லை, கத்தவில்லை. அவருடைய அப்பா விழுந்திருக்கிறார். ஆறுதல் வேண்டியவள் நானாக இருந்தேன்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து, தெரியாத நம்பர்.

"அம்மா, நான் பஸ் கண்டக்டர் பேசுறேன். மொதல்ல ஒண்ணு கேட்டுக்குங்க. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. பெரியவரு முழிச்சிகினு இருக்காரு, நல்லா பேசறாரு. புருவத்துல வெட்டு. வண்டிகேட் ஸ்டாப்புகிட்ட இருக்கற ஆஸ்பத்திரி வாசல்லயே வண்டிய நிறுத்தி உள்ள விட்டுட்டோம்."

வண்டிகேட் என்பது சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் வருகிற நிறுத்தம்.

"பாப்பாகிட்ட குடுங்கண்ணே."

"அம்மா, நீ அழுவாத" என்றது என் மகளின் குரல். "தாத்தா போன் கீழ விழுந்து பேட்டரி எங்கியோ போயிடுச்சி. அதான் கட் ஆச்சு. என் துப்பட்டாவ மடிச்சு தாத்தா புருவத்துல அமுக்கிப் புடிச்சேன். அது புது துப்பட்டா. திட்டாத."

ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, போக்குவரத்து சிக்னலில், நான் சத்தமாக அழுதேன். பக்கத்து பைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டு கேள்விகள் மாறி மாறி இடித்தன. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தால்? இடுப்பெலும்பு உடைந்திருந்தால்? எங்கள் எதிர்வீட்டு அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு. விழும்வரை மார்க்கெட்டுக்கு நடந்து போய் வந்தவர். அதற்குப் பிறகு தெருவைப் பார்க்கவே இல்லை.

ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் மாமாவைத் தனியே எங்கும் அனுப்புவதில்லை. கயலை அவரோடு அனுப்புவதே இல்லை. பாத்ரூமுக்குக் கூட ஆள். கதவில் தாழ்ப்பாள் கிடையாது. புதுச்சத்திரம் வருவதற்குள் வீட்டையே சிறைச்சாலையாக மாற்றி முடித்துவிட்டேன். பயந்தவர்களுக்கு நிர்வாகத் திறமை எங்கிருந்துதான் வருகிறதோ.

போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. மாமா கட்டிலில் படுத்திருந்தார். இடது புருவத்தில் நான்கு தையல். சட்டைக் காலரில் ரத்தம். கயலும் செல்வி அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் மாமா சொன்னது:

"லைன்மேன் கீழ விழுந்தா ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதணும். நீயே எழுதிடு சுமதி. உனக்குத்தான் பத்திரிகைல எடம் இருக்கே."

எழுதிக்கொண்டிருக்கிறேன், மாமா.

தலைக்கு ஸ்கேன், இடுப்புக்கு எக்ஸ்ரே. ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு உடைந்தால் கால் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறேன். திரும்பியிருக்கிறதா? கொஞ்சம் திரும்பிய மாதிரி… இல்லை, அது போர்வை. நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு சாபம். எல்லாவற்றிலும் அரைப் பக்கம் படித்திருப்போம்.

ரிப்போர்ட் வந்தது. தலைக்குள் ஒன்றுமில்லை. எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை.

செல்வி அண்ணி அப்போதுதான் அழுதார். "நாளைக்கு என் பொண்ணுக்கு வளைகாப்பு, இந்த ஆளு இன்னிக்கு வந்து படுத்துகினு" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே அழுதார்.

அந்த மருத்துவமனை டாக்டர் ஒரு பெண். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமே இல்லை.

"தாத்தா, விழறதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலியே. 'வண்டிகேட் எறங்கறவங்கல்லாம் ஏந்து முன்னாடி வாங்க'ன்னு கண்டக்டரு கொரல் குடுத்தாரு. ஏந்தேன். பஸ்ஸு இருட்டாயிடுச்சு."

"பகல் பத்தே முக்காலுக்கு பஸ் இருட்டாயிடுச்சா?"

"மெயின ஆஃப் பண்ண மாதிரி. அப்பறம் பாத்தா பாப்பா என் மூஞ்சில துணிய வெச்சு அமுக்குது. எனக்கு மூச்சு முட்டுது."

"நான் புருவத்தத்தான் அமுக்குனேன்" என்றாள் கயல்.

டாக்டர் படுத்த நிலையிலேயே பிபி பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. பிறகு மெல்ல உட்கார வைத்தார். பிறகு, நர்ஸ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, நிற்க வைத்தார். கையில் பட்டை சுற்றியபடி ஒரு நிமிடம்.

நூற்று நான்கு.

மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் கைப்பிடிக்குள் மாமாவின் கை சில்லிட்டுப் போயிருந்தது.

"தலை எப்படி இருக்கு தாத்தா?"

"டிம்மா இருக்கு."

உடனே உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். மெஷின் பழுதோ என்று தோன்றியது. வளைகாப்புக்குக் கொடுத்தனுப்பிய பையில் எங்கள் மெஷினும் நோட்டும் இருந்தன. நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். "தினமும் பாக்கறோம் டாக்டர். எல்லாம் நார்மல்தான்."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஒருநாளாவது நிக்க வெச்சு எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

இல்லை.

நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கிற மனிதர் எங்கே விழப் போகிறார்? விழுவது எழும்போதுதான். ஆனால் நாம் அளப்பதெல்லாம் உட்கார வைத்துத்தான்.

டாக்டர் விளக்கினார். எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். சின்ன வயதில் உடம்பு அதை உடனே சமாளித்துவிடும். ரத்தக்குழாய் இறுகும், இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், நமக்கு எதுவும் தெரியாது. வயதானால் அந்தச் சமாளிப்பு தாமதமாகிறது. அதோடு சில மாத்திரைகள் சேர்ந்தால், உடம்பில் தண்ணீர் குறைந்தால், தலைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரத்துக்குப் போதாமல் போகும். கண் இருட்டும், கால் தள்ளாடும். சிலர் அப்படியே விழுந்துவிடுவார்கள்.

நான் தலையாட்டினேன். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

மாமாதான் படுத்தபடியே சொன்னார்.

"ஏம்மா, இது டெயில் எண்ட் வோல்டேஜ்தானே?"

"அப்படின்னா?"

"டிரான்ஸ்பார்மர்கிட்ட இருக்கற வீட்ல மீட்டர் வெச்சுப் பாத்தா வோல்டேஜ் கரெக்டா காட்டும். அதே லைன்ல கடைசி வீடு, அவன் கம்ப்ளெயிண்ட் மேல கம்ப்ளெயிண்ட் குடுப்பான். எவனாவது மோட்டார் போட்டா போதும், அவன் வீட்டு லைட்டு டிம் அடிக்கும். நாங்க போயி டிரான்ஸ்பார்மர்ல மீட்டர வெச்சுப் பாத்துட்டு, 'எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு, போய்யா'ன்னுட்டு வந்துடுவோம்." ஒரு பெருமூச்சு விட்டார். "கடைசி வூட்ல, மோட்டார் ஓடறப்ப போயிப் பாக்கணும். அதான் மொறை. நாங்களும் செய்யல. இவளும் செய்யல."

டாக்டர் சிரித்துவிட்டார். "இனிமே பேஷண்டுங்களுக்கு இதையே சொல்லிடறேன் தாத்தா."

"சொல்லுங்க. லைன்மேன் சொன்னாருன்னு சொல்லுங்க."

அப்போது கயல் வாயைத் திறந்தாள். "அம்மா, அதாம்மா தாத்தா கண்ணாடி தேடுவாரு."

இதற்கு ஒரு சின்ன விளக்கம் தேவை. இரண்டு மூன்று மாதமாக மாமாவுக்கு ஒரு பழக்கம். நாற்காலியை விட்டு எழுந்ததும் அப்படியே நின்று சட்டைப் பையைத் தடவுவார். "எங்க வெச்சேன் கண்ணாடிய…" கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரே கலக்கம். ஞாபக மறதி ஆரம்பித்துவிட்டதோ? கணவரிடம் ரகசியமாகச் சொன்னேன். அவர் ஓசூரிலிருந்து ஒரு கயிறு வாங்கி வந்தார், கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள. மாமா அந்தக் கயிற்றையும் மாட்டிக்கொண்டு, நின்று கண்ணாடியைத் தேடினார். எங்கள் கலக்கம் இரண்டு மடங்கானது.

"அவரு கண்ணாடியத் தேடல டாக்டர்" என்றாள் கயல். "ஏந்த உடனே தலை சுத்துமாம். அது நிக்கற வரைக்கும் சும்மா தேடற மாதிரி நிப்பாராம். எங்கிட்ட ஒருநாள் சொன்னாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரைப் பார்த்தார்.

சுவர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்த ஹாலில், மாமாவின் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும், ஒரே உயரத்தில் வரிசையாக அழுக்குத் திட்டு. கயலைத்தான் திட்டியிருந்தேன், சைக்கிள் துடைத்த கையோடு சுவரைத் தொடுகிறாள் என்று. அவள் பதிலே பேசவில்லை. இப்போதுதான் தெரிகிறது, அந்தத் திட்டுகள் ஒரு ஆளின் இடுப்புக்கு மேல், கைக்கு எட்டுகிற உயரம். தினமும் நான் துடைத்தது மாமாவின் கை ரேகையை.

வீட்டில் ஒரு நோட்டு பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சுவர் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது. நான் நோட்டை நம்பி, சுவரைத் துடைத்தேன்.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

சட்டைப் பையைத் தடவினார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சொன்னா என்னா பண்ணியிருப்ப? பாத்ரூமுக்கு ஆளு போட்டிருப்ப. தாப்பாள கழட்டியிருப்ப. பஸ் ஏற விட மாட்ட. பாப்பாவ எங்கூட அனுப்பவே மாட்ட. அதுக்கப்பறம் நான் என்னாத்துக்கு ஏந்திரிக்கணும்?"

ஆலப்பாக்கத்திலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் நான் போட்ட திட்டம் ஒரு வரி பிசகாமல் அவர் வாயில் வந்தது. "அப்படியெல்லாம் இல்ல மாமா" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எங்கள் கடலூர் டாக்டரோடு போனில் பேசினார். மாத்திரைகளை மாற்றினார்கள். ஒன்று பாதியானது, ஒன்று படுக்கப் போகும் நேரத்துக்கு நகர்ந்தது. எது எது என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை இன்றைக்கே திறந்துவிடுவீர்கள். அதை உங்கள் டாக்டர்தான் செய்ய வேண்டும், நீங்கள் அல்ல. எழுந்தால் தலை சுற்றுகிறது என்ற விஷயத்தை மட்டும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

"காலைல என்ன சாப்ட்டீங்க, எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டபோது மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்லிவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. "எல்லா வீட்லயும் இதான் சொல்றாங்க மேடம். எங்க அம்மாவும் பஸ்ல கெளம்பறப்ப தண்ணி குடிக்க மாட்டாங்க. நான் டாக்டர்னு பேரு" என்றார்.

பிறகு மாமாவுக்குப் பாடம். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். கை விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னார். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, உடனே நடக்காமல், அதே இடத்தில் நின்று முப்பது எண்ணச் சொன்னார். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

"காலிங் பெல் அடிச்சாலும் இதான். போன் அடிச்சாலும் இதான். யாரு வந்தாலும் அவுங்க வெயிட் பண்ணட்டும்."

"கண்ணாடிய தேடலாமா?" என்றார் மாமா.

"தாராளமா தேடுங்க."

முதல் முறை இருபதிலேயே காலைத் தூக்கினார். "முப்பது" என்றாள் கயல். கம்பத்தில் ஏறுகிறவர் லைன் ஆஃப் ஆகிவிட்டதா என்று கீழே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டுதான் கை வைப்பார் இல்லையா, அந்த மாதிரி இரண்டாவது முறை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வந்தது. அவள் தலையசைத்தாள். காலெடுத்து வைத்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் வீட்டில் வயதானவர்களிடம் நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்? சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா. எழுந்தபோது எப்படி இருந்தது என்று யார் கேட்கிறோம்? அடுப்படியிலிருந்து "மாமா, காபி" என்று நான் குரல் கொடுத்தால் அரை நிமிடத்தில் வந்து நிற்பார். நல்ல சுறுசுறுப்பு என்று ரசித்திருக்கிறேன். அந்த அரை நிமிடத்தில் சுவர் எத்தனை முறை அவரைத் தாங்கியதோ.

சாயங்காலம் நாலரை மணி. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி ஆட்டோ பார்க்கக் கிளம்பினார். அப்போது வாசலில் ஒரு காக்கிச் சட்டை.

அந்தக் கண்டக்டர். நாற்பது வயது இருக்கும். தோளில் பை, டிக்கெட் மெஷின். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்புகிற டிரிப், வண்டி வெளியே ஸ்டாப்பில் நிற்கிறது என்றார். கைக்குட்டையில் எதையோ முடிந்து வைத்திருந்தார். பிரித்தார். மாமாவின் போன் பேட்டரி, பின் மூடி.

"மூணாவது சீட்டுக்குக் கீழ கெடந்துதுமா. மத்தியான டிரிப்ல கூட்டுறப்பத்தான் கெடச்சுது." சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். "காலைலேந்து மனசே சரியில்லமா. நான்தான் ஏந்து வாங்க, ஏந்து வாங்கன்னு கத்துனேன். அதுல இவரு அவசரப்பட்டு…"

"நீங்க கூப்ட்டது வேலைக்கு. நான் ஏந்தது வீம்புக்கு" என்றார் மாமா. "உங்க மேல என்னா தப்பு?"

"இருந்தாலும் ஐயா…" என்று இழுத்தவர், கயலைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு விசேஷம் முடிஞ்சு ஊருக்குப் போறப்ப நம்ம வண்டிலயே வாங்க பாப்பா. இதே டயம்தான். தாத்தாவ முன்னாடி சீட்டுல உக்கார வெச்சிக்கலாம்."

மாமா என்னைப் பார்த்தார். கயல் என்னைப் பார்த்தாள். கண்டக்டருக்கு, பாவம், தான் என்ன கேட்டுவிட்டோம் என்று தெரியாது.

நான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். நிரப்பி மாமா கையில் கொடுத்தேன்.

"நாளைக்குக் கெளம்பறப்ப இத முழுசா குடிச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் பஸ் ஏறணும்" என்றேன். "நான் வளைகாப்பு வீட்ல பாத்திரமெல்லாம் எடுத்து வெச்சிட்டு அடுத்த பஸ்ல வரேன்."

கயலைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

மாமாவுக்குக் கண்டக்டரை எழுந்து கும்பிட வேண்டும். எங்கள் வீட்டுப் பழக்கம் அது, வந்தவருக்கு உட்கார்ந்தபடி கை கூப்ப மாட்டார். காலைத் தரையில் ஊன்றினார். கணுக்காலை ஆட்டினார். விரல்களை மடக்கினார், விரித்தார். கட்டில் கம்பியைப் பிடித்தார். வெளியே டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். மாமா பதறி வேகமாக எழப் பார்த்தார். மூன்று பேர் கை ஒரே நேரத்தில் நீண்டது.

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி டிரைவரை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டினார். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார்:

"மெதுவா ஏந்துங்க ஐயா. வண்டி நிக்கும்."